ஆறாவது ஓட்டை

மூச்சை முழுசா உள்ள இழுத்து, பாதியை வெளிய உட்டு, மிச்சத்தை அப்படியே புடிச்சு நிறுத்தோணும், ஊசியில நூல் கோக்கறப்ப செய்யற மாதரயேதான், அதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலை, முப்பது வருசம் ஜாக்கெட்டுத் தெச்சவளுக்கு அது தன்னால வருது, வராதது என்னன்னா பக்கத்துல நிக்கறவளைப் பாக்காம இருக்கறது. ஆறாவது லேன்ல அவ, ஏழாவதுல நான். ஒரு கை நீட்டினா தொட்டுரலாம், நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு பலகை. எத்தனையோ லேன் காலியாக் கெடக்குது, தங்கராசு மாஸ்டருக்கு எங்க ரெண்டு பேரையும் ஒட்டுக்கா நிறுத்தித்தான் ஆகோணுமாட்டம் இருக்குது. "ஒறம்பரைதானுங்களே, பக்கத்துல பக்கத்துல நின்னுக்கங்க"ன்னு சிரிச்சுட்டே சொல்றார். ஒறம்பரை. என்ற பொண்ணு சுகந்தியைக் கட்டிக் குடுத்த ஊட்டு மாமியார், என்ற சம்பந்தி தெய்வநாயகி, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. இன்னைக்கு அவ போட்டுட்டு வந்திருக்கற ஜாக்கெட்டு எதுன்னு நெனைக்கறீங்க, ஒம்போது வருசத்துக்கு முன்னால கல்யாணத்துக்கு நான் ராவும் பகலுமா உக்காந்து தெச்சுக் குடுத்த அந்த மாம்பழக் கலர் ஜாக்கெட்டு. கல்யாணத்தன்னைக்கு அதைப் போடலை. "கை புடிக்குதுங்க சம்பந்தி, தூக்கவே முடியலை"ன்னு எங்க ஒறமொறை அத்தனை பேரு முன்னாலயும் சொல்லிப்போட்டு, கடையில வாங்குனதைப் போட்டுட்டு மணவறையில நின்னா. இன்னைக்கு அதே கையைத் தூக்கி நீட்டிட்டு நிக்கறா, அக்குள்ள ஒரு பிரிப்புப் பிரிச்சு உட்டிருக்கறா, என்ற தையலைப் பிரிச்சிருக்கறா, வேணும்னேதான் போட்டுட்டு வந்திருக்கறா.

அஞ்சாவது அட்டை. கிளப்புப் போட்டியில வட்டம் போட்ட அட்டை ஒண்ணுக்குப் பிஸ்டல்ல அஞ்சு குண்டு, எட்டு அட்டை, நாப்பது குண்டு, ஒரு மணி நேரம். நான் கொக்கிக் கணக்குல எண்ணுவேன், ஜாக்கெட்டுக்கு அஞ்சு கொக்கி, கழுத்துக்குக் கீழ மொதக் கொக்கி, அப்பறம் ரெண்டு, மூணாவது நெஞ்சுக்கு நேரா, நாலு, கடைசி இடுப்புப் பட்டியில. மொதக் கொக்கி ஆச்சு. டிரிகரை இழுக்கக் கூடாதும்பார் மாஸ்டர், அமுத்திட்டே இருக்கோணும், குண்டு எப்பப் போச்சுன்னு நமக்கே தெரியக் கூடாதும்பார். மாஸ்டர் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு, அவரு பொண்டாட்டிக்கு நான் தெச்சுக் குடுத்துருக்கறேன், எடது தோளு வலதை உட அரை இஞ்சி எறக்கம், அதை அந்தம்மாகிட்ட இத்தனை வருசத்துல ஒருத்தரும் சொல்லலையாம், நான்தான் மொதல்ல சொன்னேன், அழுதுட்டாங்க. அவங்க சொல்லித்தான் மாஸ்டர் என்ற கடைக்கு வந்தார், கிளப்புல அட்டைக்குப் பின்னாடி குண்டு தாங்கறதுக்குப் படுதாத் தெக்கோணும், கெட்டிக் கேன்வாசுல. அதோ பின்னால தொங்குது பாருங்க, அந்தப் படுதா என்ற தையல், மூணு மடிப்பு, இன்னும் ஒரு குண்டு அதைத் தாண்டிப் போனதில்லை. படுதாவைக் கட்டி உட்டுட்டுக் கெளம்பறப்ப, "ஒரு தடவை சுட்டுப் பாருங்களேன் வசந்தாமணியம்மா"ன்னார். சும்மா வெளையாட்டுக்குத்தான் கையில வாங்கினேன். அப்ப எனக்கு அம்பத்தேழு. சின்னதுல மாரியம்மன் நோம்பியில பலூன் சுடற கடையில பத்துக்கு ஒம்போது ஒடச்சேன், கடைக்காரன் என்ற அண்ணன் கையில சோப்பு டப்பாவைக் குடுத்தான், ஒடச்சவ நானு, டப்பா அவனுக்கு, அம்மாகிட்ட அவன்தான் சுட்டான்னு சொல்லியாச்சு, நானும் வாயைத் தொறக்காம பொட்டாட்ட இருந்தேன். அந்தச் சோப்பு டப்பா ரோஸ் கலரு. ரெண்டாவது கொக்கி ஆச்சு.

அவ கயிறு கிர்ருங்குது, அட்டையை அனுப்பறா. சக்கரத்தைக் கூட டீச்சர் மாதரதான் சுத்துவா, ஒரே அளவா. அவ மேசையில ஒரு பஞ்சுக் கட்டை இருக்குது, அதுல வரிசைக்கு அஞ்சு குழி போட்டு, ஒவ்வொரு குழியிலயும் ஒரு குண்டை உக்கார வெச்சு, வரிசைக்கு வரிசை நம்பர் எழுதி வெச்சிருக்கறா, எட்டு வரிசை. நமக்கெல்லாம் டப்பாவுல கொட்டிக் கெடக்கும், கையை உட்டா வரும். இவ எதுக்கு இங்க வந்தா. நாலு வருசமா அம்பத்தஞ்சுக்கு மேல பொம்பளைங்க பிரிவுல நான் ஒருத்திதான். ஒருத்தியே ஓடி ஒருத்தியே ஜெயிச்சாலும் தங்கம் தங்கந்தானே. மேடையில மூணு படி வெப்பாங்க, நான் ஒசரப் படியில நிப்பேன், ரெண்டாம் படியில காத்து நிக்கும். ஜெயிக்கறவங்களை கிளப்புச் செலவுல சென்னைக்கு அனுப்புவாங்க, மாநிலப் போட்டிக்கு. நாலு தடவை போயிருக்கறேன், நாலு தடவையும் கடைசிக்கு முந்தின எடம், அதுக்கென்ன. நாலு நாளு, ஒரு பெரிய ரூமுல பன்னண்டு கட்டில், மதுரைக்காரி ஒருத்தி, தூத்துக்குடியில இருந்து ஒரு நர்ஸம்மா, காலையில டீயை வாங்கிட்டுப் படிக்கட்டுல உக்காந்து ஆளுக்கொரு கதை பேசிட்டிருப்போம். அங்க என்னை ஒருத்தரும் சுகந்தியம்மான்னு கூப்புடறதில்லை, பிரபாகர் மாமியாருன்னு கூப்புடறதில்லை, நெஞ்சுல நம்பர் குத்தி உட்டுருவாங்க, அந்த நம்பர்தான் நானு. வருசத்துல மிச்சமிருக்கற நாளெல்லாம் நான் யாருக்காச்சும் யாராச்சும். தீவாளிக்குப் பொண்ணு வருவாளான்னு இவகிட்டக் கேக்கோணும், பேத்திக்கு மொட்டை எந்தக் கோயில்லன்னு இவதான் முடிவு பண்ணுவா, என்ற பொண்ணு வெக்கற ரசம் இப்ப இவ ரசம் மாதரயே இருக்குது, சீரகம் எச்சா, பூண்டு கம்மி, என்ற நாக்குல வளந்த பொண்ணு. இந்த ஒரு எடம்தான் இவ காலடி படாம இருந்துச்சு. ஏழு மாசத்துக்கு முன்னால ஒரு நாத்திக்கெழமை வந்து நிக்கறா, "நானுஞ் சேந்துட்டேங்க சம்பந்தி, ஊட்டுல சும்மா இருக்கறதுக்கு"ன்னு. சும்மா இருக்கறவ ஏழு மாசத்துல என்னை எட்டிப் புடிச்சு நிக்கறா. நாலு அட்டை முடியறப்ப மாஸ்டர் கரும்பலகையில எழுதி வெச்சிருக்கறார், நான் நூத்தம்பது, அவ நூத்தி நாப்பத்தேழு. அந்த மூணைப் பாத்துட்டே கையைத் தூக்கறேன், அவ அட்டை இப்பத்தான் போயி நின்னு ஆடிட்டு இருக்குது, ஆடற அட்டையையே பாத்துட்டு இருக்கறேன், எங்க உழுவும் அவ குண்டு, பிஸ்டல் முனையில இருக்கற முள்ளு மட்டுந்தான் தெளிவாத் தெரியோணும் மத்ததெல்லாம் மங்கிப் போவோணும்பார் மாஸ்டர், முள்ளு தெரியுது, கை நிக்குது, இப்புடி ஒரு நாளும் நின்னதில்லை, கைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியலை, அமுத்தறேன், போயிருச்சு. மூணாவது கொக்கி. பத்து. பாக்காமயே தெரியுது, பத்து.

நாலு, அஞ்சு, அது ரெண்டும் சாதாரணந்தான். சக்கரத்தைச் சுத்தறேன், அட்டை வருது, அந்தப் பத்தைப் பாக்கறதுக்கு மூக்குக் கண்ணாடியை ஏத்தி உட்டுட்டு நிக்கறேன். நாலு ஓட்டை. ஒம்போது, எட்டு, எட்டு, ஏழு. திருப்பிப் பாத்தேன், வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாத்தேன், ஒரே ஓட்டையில ரெண்டு போயிருக்குமோன்னு வெரல் நகத்துல ஓரத்தைத் தடவிப் பாத்தேன். நாலுதான். அப்ப நான் நாலுதான் சுட்டனா. இல்லை, மொதக் கொக்கி கழுத்துக்கிட்ட, ரெண்டு, மூணு நெஞ்சுல, நாலு, அஞ்சு. அஞ்சு சுட்டேன். சுட்டனா. வயித்துல ஐஸ் தண்ணி உட்ட மாதர இருக்குது. எங்கம்மா பூக் கட்டறவ, நூறு பூவுக்கு ஒரு முடிச்சுப் போடுவா, எண்ணவே மாட்டா, வெரலே எண்ணும். அறுவத்தி நாலு வயசுல ஒரு சாயங்காலம் முடிச்சுப் போட எடத்தைத் தேடிட்டு உக்காந்திருந்தா, நூலு நீண்டுட்டே போவுது, முடிச்சு இல்லை. "எத்தனைடி ஆச்சு"ன்னு என்னைக் கேட்டா. நான் அடுப்புல வேலையா இருந்தேன், "நீயே எண்ணிக்கோ"ன்னு சொல்லிப்போட்டேன். அதுக்கப்பறம் எட்டு வருசம். கடைசியில என்னைப் பாத்து, ஜாக்கெட்டு அளவு எடுக்க வந்த பொண்ணா நீயின்னு கேட்டா, நானும் ஆமாங்கன்னு சொல்லி அளவெடுத்தேன், எலும்புதான் இருந்துச்சு, இருவத்தெட்டு இஞ்சி. எனக்கு இப்ப அறுவத்தி ரெண்டு. போன வாரம் கடைச் சாவியைக் கத்திரிக்கோல் பெட்டிக்குள்ள வெச்சுட்டு மூணு மணி நேரம் தேடினேன், சாவியின்னா யாரும் தேடறதுதான், இது சாவி இல்லை, அஞ்சு, அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியோணும் மனுசிக்கு. கண்ணை மூடிட்டு மறுபடியும் பாக்கறேன். மூணாவது குண்டு. முள்ளு தெளிவா, அதுக்கு மேல கருப்பு வட்டம் மங்கலா, வட்டத்துக்கு மேல நம்பர் பலகை, செவப்பு எழுத்து, அதுவும் மங்கலாத்தான், ஆனா வளைஞ்ச எழுத்து. ஏழு வளையாது, ஏழுக்கு மேல கோடு. வளைஞ்சது ஆறு. நான் ஆறாம் நம்பர் அட்டையில சுட்டிருக்கறேன். பகையாளி அட்டையையே பாத்துட்டுக் கையைத் தூக்கினா கை வேற எங்க போவும். அப்பாடா. புத்தி இல்லை, கண்ணுதான். எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. புத்தி நல்லா இருக்குது, திருட்டுக் கண்ணு மட்டுந்தான் கெட்டுப் போச்சு.

அப்பறந்தான் ஒறைச்சுது. அவ அட்டையில இப்ப ஆறு ஓட்டை இருக்கும். இதுக்கு கிளப்புல ஒரு சட்டம் இருக்குது, எனக்கு நல்லாத் தெரியும், நாலு வருசமா அந்தச் சட்டப் புஸ்தகத்துக்கு மேலுறை தெச்சுக் குடுத்தவளே நான்தான். பக்கத்து லேன்காரங்க "அது என்னுது"ன்னு ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டவங்களுக்குச் சைபர், அட்டைக்காரங்களுக்கு இருக்கற ஆறுல நல்ல அஞ்சு. ஒருத்தரும் ஒத்துக்கலைன்னா அட்டைக்காரங்கதான் எச்சா சுட்டாங்கன்னு அர்த்தம், அட்டையில இருக்கறதுலயே நல்ல ஓட்டையை அடிச்சுப்போட்டு, மேக்கொண்டு ரெண்டு பாய்ன்ட்டு வெட்டிருவாங்க. எனக்குச் சைபர் எப்படியும் சைபர்தான், என்ற அட்டையில அது இல்லை. நான் வாயைத் தொறந்தா அவளுக்கு என்ற பத்து. தொறக்கலைன்னா அவளுக்கு வெட்டு. நான் ஒண்ணுமே செய்யத் தேவையில்லை. சும்மா நிக்கோணும், அவ்வளவுதான். ஒம்போது வருசமாச் சும்மாத்தானே நின்னேன், கல்யாணப் பந்தியில சாம்பார்ல உப்புப் பத்தலைன்னு எலையை மடிச்சப்ப நின்னேன், பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்கு அனுப்பாம ஆசுபத்திரி அவங்க ஊருலதான் பெருசுன்னு சொன்னப்ப நின்னேன், இன்னைக்கும் நிக்கறேன். அவ சக்கரம் சுத்தறது கேக்குது. நான் அடுத்த அட்டையைக் கிளிப்புல மாட்டற மாதர குனிஞ்சுக்கறேன். மாட்டிட்டு நிமுந்தா, அவ அட்டையைக் கையில வெச்சுட்டு நிக்கறா.

நின்னுட்டே இருக்கறா. வெரலை வெச்சு எண்ணறா. மறுபடியும் எண்ணறா. ஒதடு அசையுது. முப்பத்தி நாலு வருசம் ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுத்தவ, அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு, ஆறாவதுல வெரலை வெச்சுட்டு, எங்கயும் பாக்காம நிக்கறா. அந்த மொகத்தை நான் பாத்ததில்லை, ஆனா எனக்கு அது தெரியும், ரெண்டு நிமிசத்துக்கு முன்னால என்ற மொகம் அது. ஐஸ் தண்ணி. அப்பத்தான் சுகந்தி போன்ல சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா வருது, "அத்தை குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு என்னையக் கேக்கறாங்கம்மா"ன்னா, "அது அவங்க அதிகாரம், எண்ணறதுக்குக் கூட ஆளு வேணும்"னு நான் சிரிச்சேன். "பாப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லித் தாறப்ப ஏழாம் வாய்ப்பாட்டுல நின்னுட்டாங்கம்மா, பாப்பா எடுத்துக் குடுத்தா, அத்தை ரூமுக்குள்ள போயிட்டாங்க"ன்னா. நல்லா வேணும்னு நெனச்சேன். ஆமா நெனச்சேன், நெனச்சதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். "டாக்டர்கிட்டப் போனாங்க, கவனம் வெச்சு எண்ணற மாதர எதாச்சும் பழகச் சொன்னாராம், யாருகிட்டயும் சொல்லிராத"ன்னா போன தையில. போன தையில. ஏழு மாசம். இந்த ஏழு மாசமா நான் என்னமோ என்ற எடத்தைப் புடுங்கறதுக்கு வந்தான்னு கருவிட்டு இருக்கறேன், அவ வரிசை வரிசையாக் குழி போட்டு நம்பர் எழுதி வெச்சுட்டு அஞ்சு அஞ்சா எண்ணிப் பழகிட்டு இருந்திருக்கறா. இருந்துட்டுப் போறா. எனக்கென்ன வந்துச்சு. எண்ணிப் பழகறதுன்னா ஊட்டுல அரிசியை எண்ணலாம், என்ற லேனுக்குப் பக்கத்துல வந்துதான் எண்ணோணுமா. குனிஞ்சு டப்பாவுக்குள்ள கையை உட்டுக் குண்டு எடுக்கறேன்.

"ஆறாவது லேன், என்னாச்சுங்க"ன்னு மாஸ்டர் வந்துட்டார். அவ பிஸ்டலைத் தொறந்து மேசையில வெச்சா, முறைப்படி. அட்டையை நீட்டினா. மாஸ்டர் எண்ணிப் பாத்துட்டு, "ஆறு இருக்குதுங்களே. பத்து, எட்டு, ஏழு, ஏழு, ஆறு, அஞ்சு. இது யாருது எச்சா"ன்னு ரெண்டு பக்கமும் பாக்கறார். அஞ்சாவது லேன்ல ஆளே இல்லை. ஏழாவதுல நானு. நான் டப்பாவைப் பாத்துட்டு இருக்கறேன். "என்னுதுதான் மாஸ்டர்"ங்கறா அவ. "நான்தான் எச்சா சுட்டிருப்பேன். எண்ணிக்கை தப்பிருச்சு. வெட்டிக்கங்க." அந்தக் கொரலை எப்படிச் சொல்றது, பரீச்சைப் பேப்பர் திருத்தற கொரலா அது, யாரோ அடுத்த ரூமுல இருந்து பேசற மாதர இருந்துச்சு. மாஸ்டர் சீட்டு எழுதறார், பத்தை அடிச்சு, ரெண்டு கழிச்சு, முப்பத்தொண்ணு. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க." அவ பேனாவை வாங்கறா. போட்டுட்டான்னா முடிஞ்சுது, சென்னை என்னுது, பன்னண்டு கட்டிலு, படிக்கட்டு, டீ. போட்டுட்டான்னா ஊட்டுக்குப் போயி ரூமுக்குள்ள போயிருவா, நாளைக்கு விசில் எண்ண மாட்டா, அந்தப் பஞ்சுக் கட்டையை மேல அட்டாலியில தூக்கிப் போட்டுருவா, இனிமே ஒண்ணையும் எண்ண மாட்டா, எங்கம்மா மாதர நூலை நீட்டிட்டே போவா. நீயே எண்ணிக்கோ. நீயே எண்ணிக்கோன்னு சொன்னவதானே நானு. சனியன் புடிச்ச கை, நான் சொல்லாமயே மேல போயிருச்சு. "மாஸ்டர், அது என்ற குண்டு"ங்கறேன்.

அவ திரும்பினா பாருங்க ஒரு திரும்பு. "நீங்க சித்த சும்மா இருங்க சம்பந்தி. பாவம் பாக்க வேண்டாம்." "பாவமா, உங்களைப் பாத்தா? ஒம்போது வருசத்துல ஒரு நாளாச்சும் பாத்திருக்கறனா நானு?" "அப்பப் பொய் எதுக்குச் சொல்றீங்க." "பொய் சொல்லி நான் சைபர் வாங்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா. பாருங்க, என்ற அட்டையில நாலுதான் இருக்குது." "ஒண்ணு படுதாவுக்குப் போயிருக்கும். உங்க கை அப்படித்தான்." இதைச் சொல்லிப்போட்டு மாஸ்டர் பக்கம் திரும்பி, "அவங்க சொல்றதைக் கேக்காதீங்க, நான்தான் தப்பா எண்ணிட்டேன்"ங்கறா. மாஸ்டர் பேனாவைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறார், பட்டாளத்துல இப்புடி ஒரு சண்டையை அவரு பாத்திருக்க மாட்டார், ரெண்டு பேரும் ஒரே ஓட்டைக்கு அடிச்சுக்கறாங்க. அவ கிட்ட வந்து, கொரலை எறக்கிட்டு, "சுகந்தி உங்ககிட்டச் சொல்லிட்டாளா"ங்கறா. "என்னத்தைச் சொல்றா, அவ என்கிட்டப் பேசறதே உங்க ஊட்டு ரசத்தைப் பத்தித்தான்." நம்புனாளோ என்னமோ. எனக்கு ஆத்திரம் தாங்கலை, நெசத்தைச் சொன்னாக் கூட நம்ப மாட்டேங்கறவளை என்ன பண்றது. "டீச்சரம்மா, உங்க பஞ்சுக் கட்டையைப் பாருங்க. வரிசைக்கு அஞ்சு. ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரிசை வரைக்கும் காலி. ஆறாவது வரிசையில அஞ்சும் அப்படியே உக்காந்துட்டு இருக்குது. இதுல நீங்க ஆறு சுட்டிருந்தா அந்த ஆறாவது குண்டை யாரு குடுத்தது, உங்க மாமியாரு மேல இருந்து போட்டாங்களா?" மாஸ்டர் இருமறார், சிரிப்பை மறைக்கறதுக்கு.

அவ சிரிக்கலை. மேசைக்குப் போனா. வெரலை வெச்சு ஆறாவது வரிசையை எண்ணினா, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அப்பறம் அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் எண்ணினா. காலியான குழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தா, அஞ்சு வரிசை. ஒரு மூச்சு உட்டா, எனக்குக் கேட்டுச்சு, எவ்வளவு நேரமா அதைப் புடிச்சு வெச்சிருந்தான்னு தெரியலை. கண்ணைத் தொடைக்கலை, அவ தொடைக்கறவ இல்லை, கண்ணாடியைக் கழட்டி என்ற ஜாக்கெட்டுக் கையில, அவ போட்டிருக்கற என்ற தையல்ல, தொடைச்சுட்டு மாட்டிக்கிட்டா. மாஸ்டர் சீட்டைக் கிழிச்சுப்போட்டு வேற எழுதினார். "அப்ப ஏழாவது லேனுக்கு ஒரு சைபர், அஞ்சாவது அட்டை முப்பத்திரண்டு. ஆறாவதுக்கு நல்ல அஞ்சு, முப்பத்தெட்டு. அந்தப் பத்தும் அவங்களுக்குத்தான் போவும், தெரியுமில்லீங்க வசந்தாமணியம்மா." "தெரியுங்க, எழுதுங்க." அவ தன்ற அட்டையைத் திரும்ப வாங்கி அந்த நடு ஓட்டையைப் பாத்துட்டு, எனக்கு மட்டுங் கேக்கற மாதர, "காலையில இருந்து நீங்க சுட்டதுலயே நல்ல குண்டு இதுதான். என்ற அட்டையிலதான் உங்களுக்கு உழுவுது"ங்கறா. இவளுக்குப் போயி கையைத் தூக்கினேன் பாருங்க. அந்தக் கையை ஒடிக்கோணும்.

ஆறாவது அட்டை, ஏழாவது அட்டை. நான் என்ற நம்பரைப் பாத்துப் பாத்துத்தான் கையைத் தூக்கறேன், ஏழு, மேல கோடு, ஏழு. ஆனா காது என்ற பேச்சைக் கேக்கறதில்லை. அவ சுடறப்ப டப்புங்குது, என்ற வாயி "ஒண்ணு"ங்குது. அடுத்த டப்பு, "ரெண்டு". நான் என்ன இவ வெச்ச ஆளா. எண்ணாதே எண்ணாதேங்கறேன், எண்ணுது. பிரசவத்துக்குப் பொண்ணை எங்க ஊட்டுக்கு அனுப்பாதவ இவதான், மூணு, என்ற பொண்ணு எனக்குப் போன் பண்றப்ப மணியைப் பாக்கறவ, நாலு, ஜாக்கெட்டைப் பிரிச்சவ, அஞ்சு, சரி, சக்கரத்தைச் சுத்து. சுத்தறா. எனக்கு அப்பாடான்னு இருக்குது, எதுக்கு அப்பாடா. இதுக்கு நடுவுல என்ற குண்டு போற எடத்தைப் பாக்கறதுக்கு எனக்கு நேரம் எங்க இருக்குது. ஏழு அட்டை முடிஞ்சு கரும்பலகையில எழுதினாங்க, அவ மூணு பாய்ன்ட்டு முன்னால. அந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டிருந்தா நான் நாலு பாய்ன்ட்டு முன்னால. ஏழுன்னா ஏழுதான், இதுக்குப் போயி யாரும் சென்னைய உட்டுக் குடுப்பாங்களா. நான் உட்டுக் குடுக்கலை, இன்னும் ஒரு அட்டை இருக்குது, உட்டுக் குடுக்கற சாதி இல்லை நானு.

கடைசி அட்டை. மொதக் கொக்கி, வெள்ளையில, ஓரத்துல, இங்கிருந்தே தெரியுது. அவ டப்பு, ஒண்ணு. மாஸ்டர் "பத்து நிமிசம்"ங்கறார். என்ற கை வலிக்குது, தோளுல இருந்து முழங்கை வரைக்கும் யாரோ நூலைப் புடிச்சு இழுத்துச் சுருக்கற மாதர. டப்பு, ரெண்டு. மறுபடியும் எனக்கு வெள்ளை. டப்பு, மூணு. எனக்கு ஒண்ணு, அது எங்க போச்சுன்னு தெரியலை. டப்பு, நாலு. வெள்ளையில மூணாவது ஓட்டை எனக்கு, மூணும் மூலையில, போச்சு, இனிமே ரெண்டு பத்து உழுந்தாலும் சென்னை இல்லை, அவ அட்டையில வெள்ளையில ஒண்ணு கூடக் காணோம், எல்லாங் கருப்புக்குள்ள. சரி போ, நர்ஸம்மாகிட்ட இவளே கதை பேசட்டும், இவ எங்க பேசப் போறா, வாய்ப்பாடு ஒப்பிப்பா. அவ பிஸ்டலைத் தொறந்து வெச்சுட்டுச் சக்கரத்துல கையை வெக்கறா. நாலு. நாலுதான் ஆச்சு. நான் எண்ணிட்டு வந்திருக்கறேன், நாலுதான். நெத்தி வேர்த்திருக்குது அவளுக்கு, கட்டையைப் பாக்க மறந்துட்டா, கையி சக்கரத்தைச் சுத்த ஆரம்பிக்குது, ஆரம்பிச்சுட்டா அப்பறம் அட்டை திரும்பப் போவாது, அது சட்டம். சுத்தட்டும். நாலு ஓட்டையோட வரட்டும், ஒரு சைபர் அவளுக்கும் உழுவட்டும். "இன்னொண்ணு இருக்குது"ங்கறேன், அவ பக்கம் திரும்பாம, படுதாவைப் பாத்துட்டு. "ஏழாவது லேன், பேச்சு வேண்டாம்"ங்கறார் மாஸ்டர். அவ கை நின்னுருச்சு. கட்டையைப் பாத்தா, கடைசி வரிசையில கடைசிக் குழியில ஒத்தைக் குண்டு. "தெரியும்"ங்கறா. தெரியுமாம். எடுத்துப் போட்டு, கையைத் தூக்கி, டப்பு. அஞ்சு.

நான் என்ற குண்டை எடுக்க டப்பாவுக்குள்ள வெரலை உடறேன். வெரல் அப்படியே நின்னுருச்சு. என்னுது எத்தனை ஆச்சு. மொதக் கொக்கி, ரெண்டு, அப்பறம் அவ மூணு, எனக்கு ஒண்ணு எங்கயோ போச்சு, அது மூணாவதா, அப்பறம் வெள்ளையில இன்னொண்ணு, இல்லை அதுக்கு நடுவுல ஒண்ணு சுட்டனா. வெள்ளையில மூணு தெரியுது. கருப்புக்குள்ள இருக்கறது ஒண்ணா, ரெண்டா. அவ நாலுன்னு நான் எண்ணினது ஞாபகம் இருக்குது, என்னுது இல்லை. டப்பாவைப் பாக்கறேன், கொட்டிக் கெடக்குது, வரிசையுமில்லை குழியுமில்லை. ஒண்ணு எச்சாச் சுட்டா வெட்டு, கம்மியாச் சுட்டாச் சைபர், அது போவட்டும், போட்டி போச்சு, அதுக்கில்லை, அஞ்சு வரைக்கும், அம்மா, எத்தனைடி ஆச்சு. மாஸ்டர் "ரெண்டு நிமிசம்"ங்கறார். ஐஸ் தண்ணி கழுத்து வரைக்கும் வந்துருச்சு. அப்ப பக்கத்துல சக்கரம் சுத்தற சத்தத்துக்கு நடுவுல, என்னையப் பாக்காமயே, பரீச்சை ஹால்ல மேற்பார்வை பாக்கறவ மாதர நேராப் பாத்துட்டு, அவ சொல்றா, "உங்களுக்கு நாலு ஆச்சு. இன்னொண்ணு." "உங்களை யாரு எண்ணச் சொன்னது"ங்கறேன். "நீங்க எதுக்கு என்னுதை எண்ணுனீங்க"ங்கறா. மாஸ்டர் தலையில கையை வெச்சுக்கறார்.

குண்டைப் போட்டேன். ஏழு, மேல கோடு, என்ற ஏழுதான். மூச்சை இழுத்து, பாதியை உட்டு, மிச்சத்தைப் புடிச்சு நிறுத்தி. அமுத்தி. போயிருச்சு. "ஸ்டாப்"ங்கறார் மாஸ்டர். பிஸ்டலைத் தொறந்து வெச்சுட்டுச் சக்கரத்தைச் சுத்தறேன், கயிறு ஆடுது, அட்டை ஆடிட்டே வருது, பத்து வேண்டாம் ஒம்போது வேண்டாம், அஞ்சு இருந்தாப் போதும், நாலு வேண்டாம் ஆறு வேண்டாம், அஞ்சு. கிளிப்புல இருந்து எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கறேன், கண்ணாடியை ஏத்தி உட்டுக்கறேன், வெள்ளையில ஒண்ணு, ரெண்டு, மூணு, கருப்புல நாலு, வெரல் அடுத்ததைத் தேடுது, தேடறதுக்குள்ள பலகைக்கு மேல இருந்து ஒரு மாம்பழக் கலர் கை நீண்டு வந்து நடுவுல ஒரு எடத்தைத் தொடுது. "அஞ்சு"ங்கறா அவ. எனக்கு முன்னால எண்ணி முடிச்சுட்டா. அதுலயும் முந்திக்கிட்டா.